ஒரு வாட் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சண்டை ஆரம்பமாகும். சக்கரபாணி ஏழே முக்காலுக்கே ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

அது பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. கல்லூரி பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்த அவன், கழித்துப்போட்ட ராணுவச் சாமான்களைத் தேடிப் பிடித்துத் தானே கட்டியது. சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பேச அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். ஹாம் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு ‘நெட்’ என்று பெயர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் யாருடைய மைக் கரகரக்கும், யாருக்கு எதைச் சொன்னால் கோபம் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

மெட்ராஸ் கைலாசம்தான் அந்தச் சபைக்குத் தலைவர் மாதிரி. நூறு வாட் வால்வு செட் வைத்திருந்தார். டிரான்சிஸ்டர் என்றாலே அவருக்கு ஆகாது. “அது பொம்மை சார். பசங்க வெளையாடறதுக்கு” என்பார். மதுரை இராமலிங்கம் விடமாட்டார். “வால்வைக் கட்டிக்கிட்டு அழறவங்க மாட்டு வண்டியிலயே ஆபீஸ் போகட்டும்” என்பார். அப்புறம் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எந்தக் கம்பி நல்லது, சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று ஒரு மணி நேரம் ஓடும்.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேலி செய்கிற ஆள் ஒருவர் இருந்தார். ராமகிருஷ்ணன். ஜவ்வாது மலையில், மின்சாரம் எட்டாத ஓர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பேட்டரியில் ஓடுகிற ஒரே ஒரு வாட் செட் அவருடையது. “ஒரு வாட் போதும்ங்க. சிலோன்காரரோட பேசியிருக்கேன்” என்பார் பிடிவாதமாக. “கொசு கத்தற மாதிரி இருக்கு சார். அந்தாளு கொசுவலை போட்டுக்கிட்டுக் கேட்டாரா?” என்பார் கைலாசம். அன்றைக்கெல்லாம் அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

சக்கரபாணிக்கு மட்டும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்கும். அடி அண்ணாமலையில் அவன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வானம் வெளுத்த நாட்களில் வடக்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். அலை நேராக வந்துவிடுகிற தூரம். மெட்ராஸுக்கும் மதுரைக்கும் அது வானத்தில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். ஒரு வாட்டுக்கு அது சில நாள் முடியும், பல நாள் முடியாது.

இத்தனையும் கேட்டானே தவிர, சக்கரபாணி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே பரீட்சை பாஸ் செய்துவிட்டான். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்துவிட்டுப் போனார். காகிதம் மட்டும் வரவில்லை. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று டிரான்ஸ்மிட்டரைக்கூடக் கட்டி முடித்து, துணி போட்டு மூடி மேசை ஓரத்தில் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைப் பார்த்து, “அது தப்புங்க! அந்தக் கணக்கே தப்பு!” என்று கத்துவான். அவன் மனைவி வள்ளி அடுப்படியிலிருந்து, “அவங்களுக்குக் கேக்கப் போவுதா?” என்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாவது நாள் ஞாயிறு. கைலாசமும் இராமலிங்கமும் ஆன்டெனா உயரத்தைப் பற்றிய பழைய சண்டையைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். கைலாசம் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில் சக்கரபாணிக்கு அந்தக் குரல் கேட்டது.

“எமர்ஜென்சி... யாராவது... லாரி பள்ளத்துல...”

அதற்குள் இராமலிங்கம் வந்துவிட்டார். அவருடைய அலையின் கீழே ராமகிருஷ்ணனின் குரல் ஒரு மெல்லிய விசிலாகத் தேய்ந்தது. சக்கரபாணி நாற்காலியின் நுனிக்கு வந்தான். இராமலிங்கம் முடித்தார். இரண்டு விநாடி.

“பதினோரு பேருக்கு அடி... போளூர் ரோடு அறுத்துக்கிட்டுப் போயிடுச்சி...”

மறுபடி கைலாசம். முப்பது அடி உயரத்தில் கம்பி கட்டியவன் எல்லாம் அறுபது அடிக்காரனுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்றார். சக்கரபாணி சுவரில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து தாளைக் கிழித்தான். இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் கேட்டதை எழுதினான். கால் மணி நேரத்தில் செய்தி சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லாரி உருண்டுவிட்டது. போளூர்ப் பக்கத்திலிருந்து எந்த வண்டியும் மேலே வர முடியாது. மலையின் மறுபக்கம் ஆலங்காயம் வழியாக டாக்டரோடு ஜீப் வர வேண்டும். பொன்னி என்ற பெண்ணுக்குத் தொடையில் ரத்தம் நிற்கவில்லை.

“என் ரிசீவர் மழையில நனைஞ்சி வேல செய்யல. நீங்க பேசறது எதுவும் எனக்குக் கேக்காது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கேன்...”

“யாருக்குமே கேக்கல வள்ளி. எனக்கு மட்டுந்தான் கேக்குது” என்றான் சக்கரபாணி.

வள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கும் கேட்டது. துணி மூடிய டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தாள்.

“அதுல பேசுங்க.”

“லைசென்ஸ் இல்லாம பேசுனா கேஸு. அப்புறம் எந்தக் காலத்துலயும் லைசென்ஸ் வராது.”

“வராட்டிப் போவுது. பேசுங்க.”

துணியை எடுத்தான். ஆன்டெனாக் கம்பியை மாட்டினான். வால்வு சூடேற ஒரு நிமிஷம் ஆயிற்று. மைக்கை எடுத்தான்.

“பிரேக் பிரேக். தயவு செஞ்சி எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. இந்த அலைவரிசையில ஒருத்தரு உதவி கேட்டுக்கிட்டிருக்காரு.”

பேச்சு நின்றது. கைலாசத்தின் குரல் வந்தது. “வெல்கம். யாரு பேசறது? கால் சைன் சொல்லுங்க.”

லைசென்ஸோடு கிடைக்கிற அடையாள எழுத்துகள் அவை. “கால் சைன் இல்லைங்க. என் பேரு சக்கரபாணி. திருவண்ணாமலை, அடி அண்ணாமலையிலேர்ந்து பேசறேன். ஜவ்வாது மலை ராமகிருஷ்ணன் சார்...”

“கால் சைன் இல்லையா?” இராமலிங்கம் குறுக்கிட்டார். “கைலாசம் சார், பதில் சொல்லாதீங்க. லைசென்ஸ் இல்லாதவரோட பேசினா நம்ம லைசென்ஸுக்கே ஆபத்து. யாரோ வெளையாடறான்.”

“எமர்ஜென்சின்னா பேசலாம்னு ரூல் இருக்கே.”

“எமர்ஜென்சின்னு யார் சொன்னா? அவன்தானே சொல்றான்? ராமகிருஷ்ணன் இன்னிக்கு வரவே இல்ல.”

“வந்திருக்காருங்க, உங்களுக்குக் கேக்கல!” என்று சக்கரபாணி கத்தினான். ஆனால் அதே நேரத்தில் இராமலிங்கமும் பேசியதால் இரண்டும் கலந்து வெறும் ஊளையாகிவிட்டது. அதற்குள் வேறு இரண்டு பேர் உள்ளே வந்து ஆளுக்கு ஒரு சட்டப் பிரிவைச் சொன்னார்கள். அவை ஓய்ந்ததும் கைலாசம், “ஒண்ணு மட்டும் சொல்றேன், ஆடியோ பிரமாதமா இருக்கு. வால்வு செட்டாத்தான் இருக்கணும்” என்றார்.

“இப்ப அதுவா சார் பிரச்சினை?” என்றார் இராமலிங்கம்.

வள்ளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். சக்கரபாணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். பதினோரு பேர். போளூர் ரோடு இல்லை. ஆலங்காயம் வழியாக. பொன்னி. படித்து முடித்து, “ரெண்டே நிமிஷம் யாரும் பேசாதீங்க, உங்க கால்ல விழறேன்” என்றான்.

கைலாசம் எல்லோரையும் நிறுத்தினார். இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. சக்கரபாணிக்கு ராமகிருஷ்ணனின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இரண்டு நிமிஷம் முடிந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலயேப்பா” என்றார் கைலாசம். அவர் குரல் மாறியிருந்தது. “ஆனாலும் நான் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு டிரங்க் கால் புக் பண்றேன். பொய்யா இருந்தா இருக்கட்டும்.” பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். மழையில் லைன் போய்விட்டதாம். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

சக்கரபாணி காகிதத்தை மடித்து பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். மலை சுற்றும் பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற இடங்களில் இறங்கித் தள்ளினான். டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருப்பார், போன் இருக்கும். அங்கே அப்பாசாமி என்ற குமாஸ்தா டியூட்டியில் இருந்தார். நல்ல மனிதர். சொட்டச் சொட்ட நின்றவனை உட்காரச் சொன்னார். சொன்னதை முழுவதும் கேட்டார்.

“ரேடியோவுலயா கேட்டே? எந்த ரேடியோவுல?”

சக்கரபாணி உண்மையைச் சொன்னான். அப்பாசாமி அதைக் காகிதத்தில் எழுதவில்லை. போனை எடுத்தார். முக்கால் மணி நேரம் போராடிப் போளூர் போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்தார்.

“ஆமாங்க, மேலதான், லாரி... ஆலங்காயம் வழியாத்தான் போவணுமாம்... ஹலோ? ஆலங்காயம்ங்க... ஹலோ?” வெகுநேரம் காதில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். “ஜீப்பு கெளம்புதாம். ஆனா ஆலங்காயம் அவங்க எல்லையில்லயாம். போளூர் பக்கமே போய்ப் பாக்கறாங்களாம்.”

“ரோடே இல்லைங்களே!”

“சொன்னேன்ப்பா. நீயும்தானே கேட்டுக்கிட்டிருந்தே?”

“ஆலங்காயத்துக்கே போன் போடுங்களேன்.”

போட்டார். மணி அடிக்கவே இல்லை. மறுபடி போட்டார். சக்கரபாணி பன்னிரண்டு மணி வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். லைன் கிடைத்தால் தானே விடாமல் பேசுவதாகச் சொல்லி அப்பாசாமி அவனை அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வள்ளி ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெட் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. கைலாசம் ஒன்பதரை வரை எல்லோரையும் பேசாமல் வைத்திருந்து, கடைசியில் கலைத்திருந்தார். அலைவரிசையில் இப்போது குறுக்கே யாரும் இல்லை. ராமகிருஷ்ணனின் குரல் மட்டும், பேட்டரி இறங்கி, ரொம்பத் தள்ளி நின்று பேசுவது போல வந்துகொண்டிருந்தது.

“மணி பன்னண்டே முக்கால். பொன்னி பேசறா. தண்ணி கேக்கறா. குடுக்கலாமான்னு தெரியல. டாக்டர் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா...” நிறுத்தினார். “எனக்குத்தான் கேக்காதே.”

வள்ளி, “குடுக்கலாமாங்க?” என்று சக்கரபாணியைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்ல வழியில்லை. டிரான்ஸ்மிட்டரைக் காலையில் அணைக்காமலே போயிருந்தான்; இன்னும் சூடாகத்தான் இருந்தது. மைக்கை எடுத்து, “கேக்குது சார், எல்லாம் கேக்குது” என்று மூன்று தடவை சொன்னான். ராமகிருஷ்ணன் அதன் நடுவே தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

ஒன்றே காலுக்குக் குரல் பாதி வார்த்தைகளாகத் தேய்ந்தது. ஒன்றரைக்கு இரைச்சல் மட்டும்தான். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வள்ளி அன்று உலை வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ராமகிருஷ்ணன் நெட்டுக்கு வந்தார். கைலாசத்துக்கு அன்று அவர் குரல் கேட்டது. லாரியில் வந்தவர்களில் இரண்டு பேர் இறந்துபோனதாகவும், தன் ரிசீவர் இன்னும் சரியாகவில்லை, யார் பேசுவதும் கேட்காது என்றும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒருவர், ஒரு வாட்டுக்குப் பதில் பத்து வாட் இருந்திருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்றார். மலையில் பத்து வாட்டுக்குப் பேட்டரி எங்கே என்றார் இன்னொருவர். பேச்சு சூடு பிடித்தது. லைசென்ஸ் இல்லாத அந்த ஆள் செய்தது சரியா தப்பா என்பதில் அரை மணி நேரம் போயிற்று. சக்கரபாணி மேசையில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கத்தவில்லை.

இராமலிங்கம் அன்று வாயே திறக்கவில்லை. சம்பவம் நடந்த மறுநாளே அவர் புகார் எழுதிப் போட்டிருந்தார். பிறகு அதைத் திரும்பப் பெற இரண்டு கடிதம் எழுதினாராம். கார்த்திகையில் இரண்டு பேர் வந்து டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். தை மாதம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. மூன்று வருஷமாக எதிர்பார்த்த உறை என்று தபால்காரர் சிரித்துக்கொண்டே நீட்டினார்.

மாசி மாதம் ஒரு மாலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் துணிப்பையோடு வாசலில் நின்றார். “சக்கரபாணி வீடு இதுங்களா?” என்று அவர் கேட்டதுமே சக்கரபாணிக்கு யார் என்று தெரிந்துவிட்டது. முகத்தைத்தான் முதல் தடவையாகப் பார்த்தான்.

வள்ளி காபி கொடுத்தாள். ராமகிருஷ்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“கைலாசம் சார் லெட்டர் போட்டிருந்தாரு. நான் கீழ ரெண்டு ஆளுங்கள நடந்தே போகச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவங்க சொல்லித்தான் ஜீப்பு வந்துச்சின்னு நெனச்சிட்டிருந்தேன். போளூர் பக்கம் வந்து, ரோடு இல்லன்னு திரும்பி, சுத்திக்கிட்டு வந்து சேரும்போது நாலு மணி.”

“பொன்னி?” என்றான் சக்கரபாணி.

“ரெண்டரை வரைக்கும் இருந்தா.”

வள்ளி உள்ளே போய்விட்டாள்.

“அன்னிக்கு நான் பேசுனதுல எது வரைக்கும்ங்க கேட்டுச்சி உங்களுக்கு?”

சக்கரபாணி தரையைப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். “பேட்டரி போற வரைக்கும் கேட்டுச்சிங்க. தண்ணி கேட்டது, எல்லாம்.”

ராமகிருஷ்ணன் தலையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

“யாருக்குமே கேக்கலன்னுதாங்க இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்” என்றார். “அதுவே தேவலாம் போல இருக்கு.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தும் எழுந்துவிட்டார். சக்கரபாணி தெருமுனை வரை அவரோடு நடந்தான்.