பின்பக்கத் திகதி

ஆறரைக்கு அலாரம் அடித்தது. சாருஜன் எழுந்து முகம் கழுவினான். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஊற்றினான். பாணில் மாஜரீன் பூசித் தின்றான். லா கூர்னெவில் ரயிலேறி, கார் து நோரில் இறங்கி, பாரிஸின் லா ஷப்பல் பாலத்துப் பக்கமாக நடந்து, எட்டு மணிக்குக் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளினான். அச்சு இயந்திரத்தைப் போட்டான். அது சூடாகும் வரை, முதல்நாள் வெட்டிய ஸ்டிக்கர் தாளில் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுத்தான். மேசைக்கு இரண்டு கதிரைகள். ஒன்றில் அவன் இருந்தான். மற்றதில் தாள் சுருள்கள் இருந்தன. மேசையின் இடதுபக்க லாச்சியை அவன் திறக்கவில்லை. எட்டு மாதமாகத் திறக்கவில்லை.

அது அவன் மனைவி கஜனியின் லாச்சி. பெயர்ப்பலகைத் தொழில் தொடங்கிய முதல் வருடம், வெயிலில் வெளுத்துப்போன பலகையொன்றைக் கொண்டுவந்து, போன மாதம் இங்கே செய்தது என்று ஒருவர் சண்டை பிடித்தார். அது மூன்று வருடம் முன்பு வேறெங்கோ செய்தது. அன்றிலிருந்து கஜனி ஒரு வழக்கம் வைத்தாள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி சின்ன வெள்ளை லேபல்களில் நீலப் பேனையால் மாதமும் வருடமும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து அடுக்கிவிடுவாள். பலகை கடையை விட்டுப் போகும்போது அன்றைய நாளையும் சேர்த்து எழுதிப் பின்பக்கத்தில் ஒட்டுவாள். மிஞ்சியவற்றை றப்பர் வளையம் போட்டு லாச்சியில் வைப்பாள். அவள் போன பிறகு பலகைகள் வெறும் முதுகோடு போயின. யாரும் கவனிக்கவில்லை.

லா ஷப்பலில் பலகை செய்கிறவனிடம் மனிதர்கள் கேட்காதது இல்லை. அப்போதுதான் திறந்த நகைக்கடைக்கு ‘1987 முதல்’ என்று போடச் சொன்ன ஒருவரிடம் கஜனி, “எண்பத்தேழிலை நீங்கள் நேர்சரிக்கும் போயிருக்க மாட்டியளே அண்ணை” என்றாள். அவரே சிரித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டார். தன் காருக்கு இடம் பிடிக்க மாநகரசபைப் பலகை மாதிரி ஒன்று கேட்டவர் வந்தார். படிக்காத வைத்தியத்துக்குப் பித்தளைத் தகடு கேட்டவரும் வந்தார். அவள் யாரையும் திட்டி அனுப்பியதில்லை. கேலி பண்ணி அனுப்புவாள். சாருஜனுக்கு அந்த வித்தை வராது. அவன் ஏலாது என்பான். ஏன் என்று கேட்டால் மறுபடியும் ஏலாது என்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அரியரத்தினம் வந்தார். அடுத்த தெருவில் மரக்கறிக் கடை. பின்னால் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் குசினி. கையில் இரண்டு கோப்பி. ஒன்றைச் சாருஜன் முன்னால் வைத்தார். முப்பதுக்கு நாற்பது அளவில் மஞ்சள் பலகை ஒன்று வேண்டுமாம், ‘கவனம், தரையில் நிலவறைக் கதவு’ என்று பிரெஞ்சிலும் தமிழிலும். சாருஜன் அளவைக் குறித்தான். இரண்டு கிழமைக்கு முன் அந்தக் கதவு திறந்து கிடந்தபோதுதான் அங்கே வேலை செய்யும் தயாளினி கத்தரிக்காய்ப் பெட்டியோடு கீழே விழுந்தாள். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. இப்போதாவது ஒரு பலகை போட நினைத்தாரே என்று எண்ணினான்.

“ஒண்டு தம்பி. போர்ட் புதுசு மாதிரித் தெரியக் கூடாது.”

சாருஜன் நிமிர்ந்தான். அரியரத்தினம் கதிரையிலிருந்த சுருள்களைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு அதில் இருந்துகொண்டு விளக்கினார். வியாழக்கிழமை வேலைப் பரிசோதகர் வருகிறார். பலகை எப்போதும் சுவரில் இருந்தது, தயாளினியைத் தூக்கும்போது தீயணைப்புப் படை பொம்பியேக்காரர் கழற்றிவிட்டார்கள், எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இனி அதைக் காட்ட வேண்டும்.

“தேத்தண்ணியிலை ஊறப்போட்டு, எண்ணைச் சட்டிக்குப் பக்கத்திலை ஒரு இரவு தொங்கவிட்டால் கிழடாய்ப் போகும். அது என்ரை பாடு. நீர் செய்ய வேண்டியது ஒண்டுதான். உம்மடை மனிசி பின்னுக்குத் திகதி எழுதி ஒட்டுவா எல்லே? என்ரை விலைப்பலகைக்குப் பின்னாலையும் கிடக்கு, ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு மார்ச். அதிலை மிச்சம் கிடந்தால் ஒண்டை ஒட்டிவிடும். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுக் காட்டலாம். ஒரே கையெழுத்து.”

“அவ செத்திட்டா அண்ணை.”

“அதுதானே சொல்லுறன். ஆரும் போய் அவவைக் கேக்க ஏலாது.”

இதை அவர் மெதுவாக, கரிசனையோடுதான் சொன்னார். சாருஜனுக்கு ஏலாது என்ற சொல் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. கஜனியின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முந்நூறு பேருக்குச் சமைத்தவர் இவர். காசு கையால் தொடவில்லை. தானே வாளியைத் தூக்கிப் பந்தியில் சாம்பார் ஊற்றினார். சாருஜன் தலையைக் குனிந்து அளவை இன்னொருமுறை எழுதினான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அரியரத்தினம் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். கோப்பி அப்படியே ஆறியது.

மத்தியானம் தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தான். கஜனி இறந்த பிறகு வந்த கிழமைகளில், கடை வாசலில் கீரைப் பையைத் தொங்கவிட்டுப் போனவள் அவள். ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தபடி கதைத்தாள். இனி நெடுநேரம் நிற்க முடியாது என்றார்களாம். நின்று செய்யாத வேலை எது தனக்குத் தெரியும் என்று கேட்டாள். முதலாளி பலகை இருந்ததாகச் சொல்கிறார் என்பது அவள் காதுக்கும் வந்திருந்தது. பலகை இருந்தால் பிழை அவளுடையது. இல்லாவிட்டால் பிழை அவருடையது. அவ்வளவுதான்.

“ஏழு வருசமாய் அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு மரக்கறி அடுக்கினனான் தம்பி. அதிலை எத்தினை கல் பதிச்சுக் கிடக்கெண்டும் சொல்லுவன். வாசிக்கத் தெரியாத பொம்பிளை எண்டு நினைச்சினமோ?”

சாருஜன் தொலைபேசியை வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தான். வருட வாரியாக றப்பர் வளையங்கள். இருபத்திரண்டு மார்ச்சில் இரண்டு லேபல்கள் மிஞ்சியிருந்தன. நீல மை மங்கவில்லை. கோடு வலப்பக்கம் சற்று மேலேறியிருந்தது. அவள் கோடு எப்போதும் அப்படித்தான். ஒன்றை விரல் நுனியில் எடுத்தும் பார்த்தான். நாள் ஒன்றைப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு நொடி வேலை.

அவள் பெயரில் ஒரு பொய் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அவள் அக்கா யசோதினி எழுதியிருந்தாள்: ‘முருகா என்று அழைத்தபடியே கண் மூடினாள்.’ யசோதினி அந்த நேரத்தில் அறையில் இல்லை. சாருஜன் மட்டும்தான் இருந்தான். கஜனி அப்படி அழைக்கவில்லை. ஆனால் அவன் இதே இயந்திரத்தில் முந்நூறு பிரதி அடித்து, மடித்து, கம்பி குத்தினான். வந்தவர்கள் வாசித்து உச்சுக் கொட்டினார்கள். சாகிறவளுக்கும் ஒரு நல்ல வசனம் எழுதிக் கொடுத்தால்தான் இவர்களுக்குச் சோறு இறங்கும். இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். அவருக்கு அவள் சாட்சி சொல்ல வேண்டும். அதுவும் கட்டிலில் கிடக்கும் ஒருத்திக்கு எதிராக. கேட்க ஆளில்லை என்பதால்.

அப்போதுதான் கோபம் வந்தது. எட்டு மாதமாக எதுவும் வராத இடத்தில் வந்தது. லேபலைத் திரும்பவும் அதன் கட்டில் செருகி, வளையத்தைப் போட்டு, லாச்சியை மூடினான். பிறகு பலகையைச் செய்தான். குழி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொருத்தி பெட்டியோடு வருவாள்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பலகையும் துளைபோடும் இயந்திரமும் கொண்டு மரக்கறிக் கடைக்குப் போனான். கடை நிறைய ஆட்கள். அரியரத்தினம் கல்லாவிலிருந்து ஓடிவந்து, பின்பக்கமாய் வந்திருக்கலாமே என்று காதுக்குள் சொன்னார். பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“லேபல் எங்கை?”

“இப்ப எழுதுறன்.”

கத்தரிக்காய்ப் பெட்டியின் மேல் பலகையை முகம் மேலே இருக்க வைத்தான். சட்டைப் பையிலிருந்து வெற்று லேபலும் நீலப் பேனையும் எடுத்தான். அரியரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

“உம்மடை மனிசியின்ரை முப்பத்தொண்டுக்கு ஆர் ஐசே சமைச்சது?”

“நீங்கள்தான் அண்ணை. நல்லாயிருந்தது.”

“நீர் போனவுடனை இதைக் கழட்டி எறிவன்.”

“எறியுங்கோ. சுவரிலை பூட்டின போர்ட்டைப் படம் எடுத்து வைக்கிறது எங்கடை வழக்கம். அதிலை தெரியும் எண்டைக்குப் பூட்டினதெண்டு. ஆரும் கேட்டால் குடுப்பன்.”

வரிசையில் நின்றவர்கள் தராசை விட்டு இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கொத்தமல்லிக் கட்டு பிடித்திருந்த ஒரு பெண், தரைக் கதவு மூடியிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்து ஓரடி தள்ளி நின்றாள். சாருஜன் பேனையைத் திறந்தான். லேபலில் முனையை வைத்தான். எழுத வரவில்லை. மார்ச் என்று தெரியும். நாள் தெரியவில்லை. எட்டு மாதமாகத் திகதி என்று ஒன்றை அவன் எங்கும் எழுதியதில்லை. தலையைத் தூக்கி வரிசையில் நின்றவர்களிடமே கேட்டான். மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பதினொண்டு.

எழுதினான். கீழே ஒரு கோடு இழுத்தான். நேராக வந்தது. லேபலைப் பலகையின் முன்பக்கம், எழுத்துகளுக்குக் கீழே, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டினான். சுவரில் துளை போட்டபோது வெள்ளைத் தூள் கத்தரிக்காய்களின் மேல் மெல்ல இறங்கியது.

எட்டு மாதத்துக்கு முன், அந்தக் கடைசி நாளில், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கஜனி கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். ஒன்று கேட்டாள். பார்த்துச் சொல்லக் கைத்தொலைபேசியைத் தேடினான். அது கதிரையில் கிடந்த ஜாக்கெட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவள் கண்கள் மூடியிருந்தன. முருகனைக் கூப்பிடவில்லை. யாரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கேட்டது இதைத்தான்:

“இண்டைக்கு என்ன திகதி?”