ரத்த அழுத்தப் போட்டியில் முதலிடம்

என் மாமனார் விளையாட்டு மைதானத்தில் வர்ணனையாளர். வேலை மைதானத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வீட்டில் பால் பொங்கினாலும் மைக் பிடிக்காத குறையாகக் கத்துவார். அப்படிப்பட்டவர் கையில் பிரஷர் பார்க்கும் மெஷின் கிடைத்தால் என்னாகும்? மாதாமாதம் போட்டி! அதிக எண் எடுத்தவருக்கு முதலிடம். இதைவிடக் கிறுக்குத்தனமான விதி கிடையாது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் நானும் சும்மா விடுகிற ரகமில்லை.

போன மாதம் எனக்கு நூற்று நான்கு. என்னைவிடக் கீழே நாத்தனாரின் எட்டு வயது மகள் மட்டும்தான். அந்தப் பொடிசு வேறு, "அத்தை, கொஞ்சம்தான் ஜெயிச்சீங்க!" என்று பழித்துக் காட்டியது.

இந்த மாதம் எனக்குக் கர்ப்பத்தில் எட்டாவது மாதம். காலையிலிருந்து தலைவலி வேறு. அதை யார் பொருட்படுத்தினார்கள்? கையை நீட்டினேன். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று ஐம்பத்திரண்டு! மாமனாரையே முந்திவிட்டேன்!

"பாருங்க, பாருங்க! போன மாசம் நூத்தி நாலு, இந்த மாசம் நூத்தி அம்பத்திரண்டு! என்னா பாய்ச்சல்! ஒரே மாசத்துல..."

குரல் அப்படியே நின்றது. அந்த வாய் பாதியில் மூடி நான் பார்த்ததே இல்லை.

"அம்மாடி, பேசாம சாய்ஞ்சு உட்காரு. மறுபடி பாக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தும் எண் இறங்கவில்லை. மாமனார் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் என் எண்ணைச் சொன்னார்.

"எனக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதானே டாக்டர்?"

"உங்களுக்கும் அது அதிகம்தான். வாங்க, மாத்திரையை மாத்திக்கலாம். ஆனா கர்ப்பிணிக்கு இது ஆபத்து. இப்பவே கூட்டிட்டு வாங்க!"

கணவர் காரைப் பறக்கவிட்டார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் ஆபரேஷன் செய்து என் மகளை வெளியே எடுத்தார்கள். குறைமாதம்தான், ஆனால் தொண்டை மட்டும் தாத்தாவுடையது. சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் காலில் ஒரு குட்டிப் பட்டை. திரையில் அறுபத்திரண்டு. மாமனார் முகம் வெளிறிவிட்டது.

"சிஸ்டர், ரொம்பக் கம்மியா இருக்கே!"

"இவளுக்கு இதுதாங்க சரியான அளவு."

அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்துவிட்டார். "கேட்டீங்களா! விதி மாறிடுச்சு! வயசுக்குத் தக்க சரியா எடுத்தவங்கதான் இனிமே ஜெயிச்சவங்க! முதலிடம் என் பேத்திக்கு!"

நர்ஸ் அவரை வெளியே துரத்திவிட்டு என் கையில் பட்டையைச் சுற்றினாள். என் எண் நன்றாக இறங்கியிருந்தது. பழைய விதிப்படி படுதோல்வி. அழுதுகொண்டே சிரித்தேன்.