வண்டித்தாயின் கோபம்

எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டிக்குள் காவல் தெய்வமாக ஒரு தாய் குடியிருக்கிறாள். இந்தச் சியாங் ராய் மலைப்பக்கத்தில் வண்டி என்று ஒன்று இருந்தால் உள்ளே அவளும் இருப்பாள். கண்ணாடியில் அவளுக்கு மல்லிகைச் சரம், ஸ்டியரிங் தண்டில் மூவர்ண ரிப்பன், நல்ல நாளில் பானட் மேல் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா. என் புருஷன் இன்தா எனக்கு ஒரு நாளாவது உறிஞ்சுகுழல் போட்டு எதையாவது நீட்டியிருக்கிறாரா என்று கேட்காதீர்கள்.

அந்தத் தாய்க்குத்தான் என் மேல் கோபம் என்று ஊரே முடிவு கட்டியது.

ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும் சோங்க்ரான் புத்தாண்டு முடிந்து வந்த முதல் சந்தை நாளில், வாவி மலையிலிருந்து மே சுவாய்ச் சந்தைக்கு வண்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் என் பணியாரக் கல், அடுப்பு, தேங்காய்ப்பால் குடம். வளைவில் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் குளிர்ஜுரம் கண்ட மாதிரி கையில் உதறியது. காலை எடுத்தால் உதறல் நின்றுவிடும், மிதித்தால் மறுபடி உதறும். ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாத்தனார் புவாகியோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புத்தாண்டுக்கு நனைஞ்சுபோன கைலிய நீ எங்க காயப்போட்ட?"

"பானட் மேல, அண்ணி. சூடா இருந்துச்சு."

"பொம்பளை இடுப்புத் துணிய தாய் தலைமேல போட்டுட்டு, வண்டி ஏன் ஆடுதுன்னு கேக்குறா பாரு."

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. சாவி இன்தாவின் சட்டைப் பைக்குள் போனது. இனி அவரே என்னைச் சந்தைக்குக் கொண்டுபோய் விடுவாராம். அவர் எழுந்து, காபி குடித்து, சேவலோடு பேசி முடிப்பதற்குள் காலைச் சந்தை கலைந்துவிடும். பேருந்து நிற்கிற மூலையில் வருஷக்கணக்காக நான் போட்டுவந்த கடை. அந்த இடத்தில் தொத்திறைச்சி வறுத்து விற்கிறவள் தன் முக்காலியை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் அந்த மூலை அவளுடையது.

தாயைச் சமாதானப்படுத்தும் பொறுப்பைப் புவாகியோ ஏற்றாள். வறுத்த சீயக்காய் மிதக்கிற தண்ணீர் தீட்டைக் கழுவும், பாவத்தைக் கழுவும். புத்தாண்டில் பெரியவர்களுக்கு அதை வார்த்துத்தான் மன்னிப்புக் கேட்போம். இன்தா புத்தாண்டன்றே, கோயிலுக்கு இறங்கிய கையோடு, வண்டிக்கும் அதை வார்த்திருந்தார். இப்போது தன் அக்கா சொல்கேட்டு மலை இறங்கும் ஒவ்வொரு முறையும் வார்த்தார். மலையடிவாரத்துச் சந்நிதியில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மண்டியிட்டு, குவளை குவளையாக. சக்கரம்தானே தாயின் பாதம். வண்டி இன்னும் அதிகமாக உதறியது. இவர் இன்னும் அதிகமாக வார்த்தார்.

எனக்குத் தாய் மேல் சந்தேகம் இல்லை. அவள் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுதுகிறவர்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மெக்கானிக் தேங் முதலில் டயரைச் சந்தேகப்பட்டு பேலன்ஸ் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. பிறகு முன்சக்கரத்துக்குப் புது பிரேக் டிஸ்க் போட்டான். வண்டி வெண்ணெயாக ஓடியது. சில பயணம்தான், மறுபடி உதறல். "புது இரும்பே தாங்கலைன்னா பாத்துக்கோ, தாய் எவ்வளவு கோபத்துல இருக்கான்னு" என்றாள் நாத்தனார்.

மூன்றாம் முறை இன்தா தேங்கிடம் போனபோது நானும் ஏறிக்கொண்டேன்.

"தம்பி, பிரேக் பிடிக்காம வேகமாப் போனா ஆடலையே. அப்புறம் ஏன் டயரப் போட்டுக் குடைஞ்ச?"

"எல்லாரும் அதத்தான் முதல்ல பாப்பாங்க, அக்கா" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

ஆளில்லாத வயல்வெளி ரோட்டில் கால் பிரேக்கைத் தொடாமல் கை பிரேக்கை மட்டும் மெதுவாக இழுத்துப் பார்த்தான். வண்டி ஆடாமல் அசையாமல் வேகம் குறைந்தது. "கை பிரேக் பின்சக்கரத்தத்தான் பிடிக்கும். அப்ப பின்னாடி சுத்தம். கோளாறு முன்னாடிதான்" என்றான். பட்டறைக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் அங்கங்கே சூட்டில் வெந்த நீலத் திட்டு. முள் வைத்த அளவுமானியை ஒட்டி வைத்துச் சுற்றினான். முள் ஏறி இறங்கியது. புது டிஸ்க்கும் கோணியிருந்தது.

"அண்ணே, சூடா இருக்கும்போது தண்ணி பட்டாத்தான் இப்படி ஆகும். மலை எறங்குன உடனே ஆத்துல விட்டீங்களா?"

"இல்ல."

"வண்டி கழுவுற எடத்துல?"

"தண்ணியே படலைப்பா. தாய் மேல சத்தியம்."

இன்தா பொய் சொல்கிற ஆள் இல்லை. முகத்தில் அப்படி ஒரு பரிசுத்தம். எனக்கோ என் பழைய பணியாரக் கல் ஞாபகம் வந்தது. காய்ந்த கல்லில் பக்கத்துக் கடைக்காரி கைதவறி ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்ட, அது டப்பென்று விரிசல் விட்டது.

"சந்நிதியில வாக்குறீங்களே, அது என்ன?" என்றேன்.

"அது தண்ணியா? அது வழிபாடு."

தேங் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு ஓரமாக நின்ற தன் பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"என் வண்டியும் புத்தாண்டுலேர்ந்து ஆடுது, அக்கா" என்றான். "அம்மா சொன்னாங்கன்னு நானும் வாத்தேன்."

இதற்குப் பிறகாவது சாவி வரும் என்று நினைத்தேன். இன்தா மசியவில்லை. பாவத்தைக் கழுவுகிற தண்ணீர் இரும்பைக் கோணலாக்குமா, நிறுத்தினால் தாய் நம்மை அதலபாதாளத்தில் உருட்டிவிட மாட்டாளா என்றெல்லாம் வாதம். அளவுமானியை நம்பாத மனிதரிடம் அதைப் பற்றியே பேசி என்ன பயன்? தேங் இன்னொரு ஜோடி டிஸ்க் மாட்டித் தந்தான். மறுநாள் காலை அவர் காபிக்குச் சர்க்கரை போட்டபடி சொன்னேன்.

"ராத்திரி தாய் கனவுல வந்தா."

குவளை பாதி வழியில் நின்றது. "யாரு?"

"வண்டித்தாய்தான். மலை எறங்கி வந்ததும் பாதம் கொதிக்குதாம். கொஞ்ச நேரம் உக்கார விடாம ஜில்லுன்னு ஊத்துறானே உன் புருஷன், உதறாம என்ன செய்யும்னு கேட்டா. ஆறவிட்டு ஊத்தச் சொன்னா. அதுவரைக்கும் சோடா போதுமாம்."

"அட பாவமே. நான் யோசிக்கவே இல்லையே" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கை பிரேக், நீலத் திட்டு, அளவுமானி எதற்கும் அசையாத மனிதர். "வேற என்ன சொன்னா?"

"காலையில வெயிலுக்கு முன்னாடி எறங்கினா அவளுக்குச் சுகமாம். கம்மூன் ஓட்டுனா அது நடக்கும்னு என் பேரச் சொல்லியே சொன்னா."

குவளையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கைலியப் பத்தி?"

"பூப்போட்ட டிசைன் நல்லா இருக்குன்னா. எங்க வாங்கினேன்னு கேட்டா."

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, பணியாரக் கல் மேல் வைத்தார்.

வண்டி இப்போது ஆடுவதில்லை. தொத்திறைச்சிக்காரியின் முக்காலி பழைய இடத்துக்குப் போய்விட்டது. எல்லாம் தன் சீயக்காய்த் தண்ணீரின் மகிமை என்று புவாகியோ ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். இன்தா சந்தைக்குப் போய், என் கைலியின் அதே பூ டிசைனில் துணி தேடி வாங்கி, தாய்க்கென்று கண்ணாடியில் கட்டிவிட்டிருக்கிறார். நாத்தனார் வண்டியில் ஏறும்போதெல்லாம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருகிறாள்.