நூற்று இருபதாவது மாதம்

அன்று காலை ஐந்தரைக்கே எழுந்து ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். கூட்டு முடிகிற மாதத்தில் பாயசம் வைப்பது என் வழக்கம். கூட்டு என்றால் சீட்டுதான்; இருபது பேர் மாதம் இருநூறு வெள்ளி போடுவார்கள். சீட்டுக் குலுக்கி, யார் பெயர் விழுகிறதோ அவர் நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு போவார். எடுத்தவரும் இருபது மாதம் முடியும்வரை கட்டிக்கொண்டே வர வேண்டும். முதல் மாதப் பணம் நடத்துகிறவளுக்கு. அதற்கு ஈடாக, யாராவது பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போனால் அவர் பங்கை நடத்துகிறவள்தான் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும்.

திகாம் பத்துவில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து கூட்டு நடத்துகிறேன், இருபத்திரண்டு வருடம். குணசுந்தரி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டு அக்கா வீடு என்றால் நாய்கூட வழி காட்டும். என் கையில் ஒரு கூட்டுகூட உடைந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான் நான்.

அன்றைக்கு வைத்த பாயசம் சாதாரணக் கூட்டுக்கு இல்லை. வீட்டுக்கு.

பத்து வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் முனியாண்டிக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டரே சொன்னார். தனியார் ஆஸ்பத்திரியில் எழுபதாயிரம் கேட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, போய்க் கேட்க அண்ணன் தம்பி இல்லை. இருந்தது இந்த வீடு ஒன்றுதான். சுங்கை லாலாங்கில் நாங்கள் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தை முதலாளி விற்றபோது கிடைத்த நட்டஈடும் சேமநிதிப் பணமும் போட்டு வாங்கிய வீடு. கடன் எல்லாம் அடைத்து, கெரான் எங்கள் அலமாரியில் இருந்தது. கெரான் என்றால் வீட்டுப் பத்திரம்தான். ஆனால் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அது வெறும் பத்திரம் இல்லை. நாளைக்குக் காலையில் வீட்டைக் காலி பண்ணு என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்தக் கெரானை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணியில் ஒரு பேங்குக்குப் போனேன். கழுத்துப் பட்டை கட்டிய ஒரு பையன் உட்கார வைத்துப் பேசினான்.

“வீட்ட வெச்சா எழுபதாயிரம் வரைக்கும் கடன் லைன் குடுப்போம் ஆன்ட்டி. வேணுங்கிறப்ப எடுக்கலாம், இருக்கிறப்ப போடலாம். போட்டதுல திரும்ப எடுத்துக்கலாம். மாசம் அறுநூறு போட்டா போதும். பத்து வருஷம்.”

நான் மனக்கணக்கில் புலி. நூற்று இருபது மாதம், அறுநூறு வெள்ளி, எழுபத்திரண்டாயிரம். எழுபது எடுத்து எழுபத்திரண்டு கட்டுகிறோம். அட, இது பெரிய கூட்டு, முதல் மாதமே எனக்கு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு இரண்டாயிரம் வட்டி வாங்க, பேங்குக்காரன் எனக்கு என்ன மாமனா மச்சானா? பையன் பொய் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் கூட்டுக் கணக்கை வைத்து நானே நிரப்பிக்கொண்டேன்.

வீடு அவர் பெயரில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். “நீ கணக்கு பாத்துட்டியா?” என்று ஒன்றுதான் கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன்.

ஆபரேஷன் ஆகி அவர் பிழைத்து எழுந்தார். அப்புறம் நூற்று இருபது மாதம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்தேன். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அறுநூறைப் போட்டுவிட்டு ஒரு கட்டத்தில் சிவப்பு மையால் ‘சரி’ அடிப்பேன். கோவிட் நேரத்தில் ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்று பேங்கே சொன்னது. நான் கட்டினேன். கையுறை பேக்டரியில் இரண்டு ஷிப்ட் நின்று கட்டினேன். கால் வீங்கிப்போய் வேலையை விட்ட பிறகு, அவர் காவல் வேலைச் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

பேங்கிலிருந்து மாதாமாதம் கடுதாசி வரும். எல்லாம் இங்கிலீஷ். ஓர் எண்ணை மட்டும் பக்கத்து வீட்டுப் பிரேமாவதியிடம் காட்டிக் கேட்டேன். எவ்வளவு எடுக்கலாம் என்று போட்டிருக்கிறது, அக்கா என்றாள். மாதத்துக்கு மாதம் அது நூறு, நூற்று முப்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. நம்ம காசு சேருது என்று நினைத்தேன். வாசுகி என்று ஒருத்தி மூன்றாம் மாதமே கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஜொகூருக்கு ஓடியபோது, அவள் பங்கு மூவாயிரத்து நானூறை அதிலிருந்துதான் எடுத்துக் கட்டினேன். கோவிட்டில் ஏழு பேர் கையை விரித்தபோது ஐயாயிரத்து அறுநூறு. முருகையா அண்ணன் கூட்டு எடுத்த மூன்றாம் மாதம் செத்துப்போனார். சாவு வீட்டில் போய்க் கூட்டுக் காசு கேட்பேனா? அதற்கும் கூரை ஒழுகியதற்கும் சேர்த்து ஐயாயிரம். ஒவ்வொரு முறையும் கூட்டு உடையாமல் நின்றது. கூட்டு அக்கா மாதிரி வருமா என்றார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

இந்த வருடம் பேங்கிலிருந்து ஒரு கடுதாசி தனியாக வந்தது. லைன் முடிகிறது, நேரில் வரவும் என்று பிரேமாவதி படித்துச் சொன்னாள். நோட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம் பாக்கி. அவர் பசாருக்குப் போய், கெரான் வைக்க நீல நிறத்தில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் பைல் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு வெள்ளி எழுபது காசு என்று விலையும் சொன்னார்.

அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். மடியில் ஒரு டப்பா பாயசம், பேங்கில் இருப்பவர்களுக்கு. இந்த முறை மேசையில் இருந்தது ஸாரா என்ற பெண். தலையில் துடோங் முக்காடு, வாயில் நல்ல தமிழ். பட்டவொர்த்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பமாம். கடைசி அறுநூறு கட்டிய ரசீதையும் நோட்டையும் அவள் முன்னால் வைத்தேன்.

“முடிஞ்சிச்சு மா. கெரான குடு” என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, லைனோட காலம்தான் முடியுது. கடன் முடியல. இன்னும் அறுபத்தையாயிரத்து எண்ணூறு இருக்கு.”

“வேற யாரு கணக்கோ பாக்குற நீ. ஐசி கார்டு நம்பர் சரியா போடு.”

“உங்க கணக்குதான் ஆன்ட்டி.”

“நூத்தி இருவது மாசம் கட்டியிருக்கேன் லா. எழுபத்திரண்டாயிரம். ஒரு நாள் பிந்துனதில்ல. நோட்டப் பாரு.”

அவள் நோட்டைப் பார்த்தாள், பக்கம் பக்கமாக. அவசரப்படுத்தவில்லை.

“எழுபதாயிரத்துக்கு மாசம் வட்டி மட்டும் நானூத்தி அறுபத்தஞ்சு, எழுபது வரும் ஆன்ட்டி. நீங்க போட்ட அறுநூறுல அது மொதல்ல போயிடும். மிச்சம் நூத்தி முப்பதுதான் கடன்ல கழியும்.”

“அப்ப அந்த நூத்தி முப்பதாவது பத்து வருஷத்துல சேந்திருக்கணும்ல?”

“சேரல ஆன்ட்டி, கழிஞ்சிச்சு. நீங்க மூணு தடவ திரும்ப எடுத்திருக்கீங்க.” திரையை என் பக்கம் திருப்பினாள். மூவாயிரத்து நானூறு. ஐயாயிரத்து அறுநூறு. ஐயாயிரம். “இது உங்க காசு இல்ல. கழிஞ்ச கடன மறுபடியும் வாங்குனது. அதுக்கும் வட்டி ஏறியிருக்கு.”

சண்டை போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். யாரோடு போடுவது? அந்தப் பெண் என் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

“இன்னும் பத்து வருஷம் கட்டுறோம் மா” என்றார் அவர்.

“அங்கிளுக்கு அறுபத்தாறு ஆயிடுச்சு. எழுபது வயசுக்குள்ள முடிக்கணும்னு ரூல்ஸ். நாலு வருஷம்னா மாசம் ஆயிரத்து அறுநூறு வரும்.”

அவர் சம்பளமே ஆயிரத்து எழுநூறு.

“இல்லன்னா?”

“மூணு மாசத்துல மொத்தமா கட்டணும். வீட்ட நீங்களே வித்துட்டா நல்லது ஆன்ட்டி. பேங்க் ஏலத்துக்கு விட்டா விலை கம்மியாத்தான் போகும்.” அவள் குரல் தழைந்துவிட்டது. “சாரி ஆன்ட்டி.”

விற்றால் ஒரு லட்சம் வரும். கடன் போக முப்பதாயிரம் சொச்சம் மிஞ்சும். அதில் கோழிக்கூடுகூடக் கிடைக்காது. வாடகைக்குப் போனால் நாலு வருடத்தில் கரைந்துவிடும். அதற்குமேல் கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. பாயச டப்பாவை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

கீழே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீல பைல் கூடையில் கிடந்தது.

“கூட்டுல பணம் கொறஞ்சா யாரோ ஓடிட்டாங்கன்னு அர்த்தம்னு சொல்வியே” என்றார். “இதுல யாரு ஓடுனா, சுந்தரி?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். யாரும் ஓடவில்லை என்றேன். “என் நெஞ்சுக்குத்தானே எல்லாம்” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். வழி நெடுக அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். பத்து வருடத்தில் முதல் முறை, அவரை ஆஸ்பத்திரிக்கு அந்தப் பணத்தில் கூட்டிப் போகாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலில் பிரேமாவதி நின்றாள். அப்போதுதான் எனக்கு அடுத்த இடி நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மகன் வசந்தன் லோரி வாங்க ஐம்பதாயிரம் தேவைப்பட்டது. புருஷன் விட்டுப்போன வீடு அவளுக்கு இருந்தது. நான்தான் அவளை உட்கார வைத்து, கட்டம் போட்டு, பேங்க் கூட்டு எப்படி என்று விளக்கினேன். இங்கிலீஷ் படித்தவள்தான். ஆனாலும் பேங்க் கடுதாசியைவிட என் வாயைத்தான் நம்பினாள். கையெழுத்துப் போட நானே கூடப் போனேன்.

“என்னக்கா, கெரான் கெடச்சிச்சா? பொம்பளைங்க எல்லாம் பாயசம் குடிக்க இப்ப வந்துடுவாங்க” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை, மெழுகவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது.

“அப்ப நான் மூணு வருஷமா கட்டுனது?”

“முக்காவாசி வட்டிக்குப் போயிருக்கும்.”

“லோரி கியர்பாக்ஸ் போனப்ப திரும்ப எடுத்தேனே அக்கா. நம்ம காசுதான், எடு பிரேமான்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அது எனக்கு வேண்டியும் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

“சரி விடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா? கூட்டுல யாரு விழுந்தாலும் நீங்க தாங்கிடுவீங்க. வாசுகிக்குக் கட்டுனீங்க, முருகையா அண்ணனுக்குக் கட்டுனீங்க. இதுவும் நீங்க சேத்துவிட்டதுதானே.”

குத்தலாகச் சொல்லவில்லை. என் பெயர் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னாள். முடியாது பிரேமா, என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக இந்த வாசலில் நின்று ஒரே வார்த்தையைச் சொல்லிப் பழகிய வாய்.

“நான் பாத்துக்குறேன் பிரேமா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, கிண்ணங்களை எடுத்து வருகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனாள்.

திரும்பினால் அவர் கதவு ஓரத்தில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது.

“எத வெச்சு?” என்றார்.

வெளியே கேட் திறந்தது, பேசிக்கொண்டே நாலைந்து பேர் வந்து செருப்பைக் கழற்றினார்கள். யாரோ “கூட்டு அக்கா” என்று கூப்பிட்டார்கள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, ஆறிப்போயிருந்த பாயசத்தைச் சூடு பண்ணினேன்.