சிவப்பு வந்தால் மாற்ற வேண்டாம்

ஆபீஸில் என் செல்போனுக்குத்தான் நாற்காலி போட்டார்கள். நான் அதனோடு ஒட்டிக்கொண்டு போனவள்.

நல்லூரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆபீஸ் பேஸ்மென்ட்டில். அங்கே இறங்கினால் முதலாளி தனபாலின் போனில் சிக்னல் செத்துவிடும். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வீடியோவில் கூப்பிட்டால், போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படியேறி ஓடுவார். ஒருநாள் சாம்பிள் கொடுக்க நான் கீழே போயிருந்தபோது என் போன் கணீரென்று அடித்தது. கோவில்பட்டியிலிருந்து அம்மா. முதலாளி என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அன்றிலிருந்து அவருடைய அழைப்புகளெல்லாம் என் ஹாட்ஸ்பாட்டில்தான். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று டி-சர்ட்டில் ஓட்டை தேடியவள், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, உறைந்த ஆற்றின் மேல் குதிரைவண்டி போகும் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையைப் போன் பார்த்துக்கொண்டது.

அந்த வாழ்வுக்கு ஆபத்து முதலாளியின் மனைவி சித்ரகலா அக்கா வாயிலிருந்து வந்தது. என்னைக் காட்டி முதலாளியிடம் கேட்டார்.

"ஏனுங்க, நம்ம நம்பரையும் முத்துப்பேச்சியோட சிம் கம்பெனிக்கே மாத்திப்போட்டா என்னங்க? நம்பர் அதேதான இருக்கும்?"

"மொத ஆர்டர் வந்த சிம்மு இது. கம்பெனிய மாத்துனா ராசி போயிருச்சுன்னா?"

"அப்ப ரெண்டாவதா ஒரு சிம் போடுங்க."

"ஒரு ஊட்டுல ரெண்டு சம்சாரமா?"

"அந்த நெனப்பு எப்பவும் இருந்தாச் செரிங்க," என்றார் அக்கா.

கடைசியில் சாமியிடம் பூக் கேட்பது என்று முடிவானது. பெண் எடுப்பதோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் இவர்கள் குலதெய்வத்திடம் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சிம் கம்பெனியை மாற்றலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

கோயில் கணியூர்ப் பக்கம். வழியில் அழைப்பு வந்தால் வேண்டுமே என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். கோயில் வாசலில் முதலாளி பூக்களை என் கையில் கொடுத்தார்.

"அம்மிணி, டி-சர்ட்டு மடிச்சுப் பழகுன கை. நீயே பொட்டலம் மடிச்சுரு கண்ணு. ரெண்டும் அச்சா ஒண்ணாட்ட இருக்கோணும்."

அச்சாக ஒன்றுபோலவே மடித்தேன். உள்ளேயும் ஒன்றுபோலவே. பக்கத்துச் செடியிலிருந்து இன்னொரு செவ்வரளி கிடைத்தது. மிச்சமான வெள்ளை நந்தியாவட்டையைக் கீழே போட மனமில்லாமல் தலையில் செருகிக்கொண்டேன்.

முதலாளி எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"பாத்தியா! சாமியே சொல்லிருச்சு!" பரீட்சை ரத்தான பள்ளிக்கூடப் பையனைப் போலக் குதித்தார்.

மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அக்கா அதை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். "நீயும் வா அம்மிணி."

கரையில் நின்றவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார்.

"பூ நல்லா இருக்குது. வரும்போது வெச்சிருக்கலையே?"

நான் வாய் திறப்பதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். உள்ளிருந்து செவ்வரளி எட்டிப் பார்த்தது. செக்கிங் டேபிள் என் கண்முன்னே நீண்டுகொண்டே போனது.

"அக்கா, மன்னிச்சிருங்க. நின்னு நின்னு காலு ரெண்டும் வீங்கிப் போச்சுக்கா. அந்தச் சேரு போயிருமேன்னுதான்..."

அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நாலு வருசமா நான் தனியா ஒரு யூனிட் போடோணும்னு கேக்கறேன். சாமியக் கேக்கலாம், சாமியக் கேக்கலாம்னே ஓட்டறாரு." என் தலையிலிருந்த நந்தியாவட்டையை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். "அடுத்த அமாவாசைக்கு வருவோம். இதாட்ட ரெண்டு வேணும். அன்னைக்கும் நீதான் மடிக்கோணும்."

"அப்ப சேருக்கா?"

"அது எங்க போவுது? சாமி சொல்லியாச்சல்ல?"

செவ்வரளியை வாய்க்காலில் விட்டார். கார் பக்கமிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"பையர் கூப்பிடற நேரமாச்சு! வெரசா வா அம்மிணி, டவரு வேணும்!"

டவர் அவசரப்படாமல் நடந்தது.