இரண்டு பல் தள்ளி

இன்ஜினைப் பின்பக்கமாகச் சுற்றியது லிஃப்ட்காரர்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அவரைத் தவிர அங்கே இருந்தது ஒரு பல்லி. அதற்கு ஸ்பானர் பிடிக்க வராது.

ரொம்பச் சுற்றவில்லை, ஒரு விரல் அகலம்தான். கார் இன்ஜினை அது ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். நிறுத்த வேண்டிய குறியைத் தாண்டிவிட்டால், வாயை மூடிக்கொண்டு முழுசாகச் சுற்றி மறுபடி குறிக்கு வர வேண்டும். இது அவருக்குத் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைக்குத் தெரியாது. லிஃப்ட் நடுவழியில் பிடித்துக்கொண்டால், மேலே மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுற்றுவார்கள். 'டொக்' என்று பிடி விடும். அதுவரை கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆபீஸுக்கு நேரமாச்சு என்று லிஃப்ட்காரரைத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

இன்ஜினுக்குள்ளும் 'டொக்' என்றது. அப்பாடா என்று மூச்சு விட்டார் மனிதர். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, கையைத் துடைத்து, சாவியைத் திருப்பினார். பாத்திரக்கடை அலமாரி சாய்ந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

கார் மகளுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறி இறங்க அவர் முட்டியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மகள் ஆசை ஆசையாக வாங்கியது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அதை இந்த ஷெட்டில் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனவள், திரும்பி இந்த வாசலை மிதிக்கவில்லை.

காரணமும் லிஃப்ட்காரர்தான். மகளும் மாப்பிள்ளையும் அப்போது பிரிந்திருந்தார்கள். யோசிக்கக் கொஞ்ச நாள் விடுங்கள் என்று இரண்டு பேருமே கேட்டிருந்தார்கள். இவர் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சம்பந்திகள் எதிரில் உட்கார்ந்து, மகள் தன் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு வந்தார். உள்ளதைப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதற்கப்புறம் மகள் போனில் அம்மாவிடம்தான் பேசுவாள். இவர் கேட்கச் சொல்லும் கேள்விக்கெல்லாம் ஒரே பதில்: "பாக்கலாம்." போன வாரம்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல நாலைந்து விநாடி சடசடத்துவிட்டு அடங்கியது. அடுத்த நாள் காலை மறுபடி ஸ்டார்ட் செய்து, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் முன்பக்கம், சங்கிலி இருக்கும் இடம். இன்ஜினின் அடித்தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் மேல்தண்டையும் ஒரே தாளத்தில் கட்டிவைக்கிற சங்கிலி அது. அதைத் தளராமல் அழுத்திப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று உண்டு. வயதானால் அதற்குள் எண்ணெய் நிற்காது. காலையில் மறுபடி எண்ணெய் ஏறும்வரை சங்கிலி தொளதொளவென்று அடித்துக்கொள்ளும்.

நோயைக் கண்டுபிடித்ததில் ஒரு பிசகும் இல்லை. புது டென்ஷனர் மாட்டப் பழையதைக் கழற்றிய வைத்தியத்தில்தான் ஆளே அவுட்.

இன்ஜின் நின்றுபோன மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். வாய் பேசாமல் வேலை செய்கிற ஆள் என்பதால் அவருக்கு ஊரில் 'மௌனம்' என்று பெயர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மீட்டரை வைத்து அழுத்தம் பார்த்தார். இரண்டு சிலிண்டரில் முள் அசையவே இல்லை. அந்தத் துளைகளில் காற்றை அடித்தார். அது காற்று இழுக்கும் குழாய் வழியாக உஸ்ஸென்று வெளியே வந்தது. முன்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துச் சங்கிலிச் சக்கரத்தின் பல்லை எண்ணினார். இரண்டு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது சங்கிலி.

"டென்ஷனரைக் கழட்டி வச்சிட்டு, இன்ஜினைப் பின்னால சுத்துனது யாரு?"

லிஃப்ட்காரர் பல்லியைத் தேடினார். அது தலைமறைவு.

"நான்தான்."

மௌனம் மேல்பாகத்தின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேல்பாகத்தைத் தூக்கியபோது, அந்த இரண்டு சிலிண்டரின் வால்வுகள் ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பிஸ்டனின் நெற்றியிலும் பிறை போல ஒரு வடு. தாளம் தப்பியதால் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. ஞாயிற்றுக்குள் ஆகுமா என்று லிஃப்ட்காரர் கேட்டார். பிரித்தது பிரித்தபடி இருக்கட்டும், பாகம் கிடைக்கிறதா பார்க்கலாம் என்றார் மௌனம். கிடைத்தால் ஓடுமா என்று கேட்டார். பார்க்கலாம். அவர் போனபிறகு லிஃப்ட்காரர் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, வளைந்த வால்வு ஒன்றை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கத் தோன்றவில்லை. பசி இருந்தது, எழுந்து போய் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மனைவி தட்டோடு ஷெட்டுக்கே வந்தாள். இன்ஜினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தட்டை டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள். டயர் பஞ்சர், அடுத்த வாரம் வரச் சொல் என்று மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். கார் இல்லாவிட்டாலும் வருவாள் இல்லையா என்று கேட்டார். அவள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்தாள்.

"நீயாவது நேரா சொல்லு. வருவாளா, மாட்டாளா?"

"என்னைக் கேட்டா? அவகிட்டதான் கேட்கணும்." போனை மடியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தத் தடவை எனக்கு நடுவுல நிக்கத் தெம்பு இல்லைங்க."

கிரீஸ் விரலால் நம்பரை அழுத்தினார். 'என்னம்மா' என்று எடுத்த குரல், இவர் இருமியதும் மாறியது. ஒரு தினுசாகச் சுற்றி வளைத்துத் தொடங்கலாம் என்றுதான் இருந்தார். ஆனால் நாக்கு அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது: சத்தம், டென்ஷனர், பின்னால் சுற்றியது, வால்வு, மௌனம்.



"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ப்பா. ரெண்டு வருஷம் அதோடதான் ஓட்டினேன். அதை நானே பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"நீ வரும்போது அசத்தலாம்னு நினைச்சேன்மா. கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

அது காரைப் பற்றி மட்டும் இல்லை என்பது அவருக்கே புரிந்தது. வால்வைக் கீழே வைத்தார்.

"பாகம் கிடைச்சிரும். மூணு மாசம் ஆனாலும் சரி பண்ணிடறேன். நான் தொடமாட்டேன், மெக்கானிக்தான் தொடுவார். சரியானதும் வருவியாம்மா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாதே. எதுவானாலும் சரி."

மகள் மூச்சை இழுத்து விட்டது போனில் கேட்டது.

"வரமாட்டேன்ப்பா. ஞாயித்துக்கிழமைகூட வாசல்லயே நின்னு சாவிய வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். கோபமா இருந்தா என்னைக்காவது ஆறிடும், நானும் வந்துடுவேன். கோபம் இல்ல. நான் பேசற எதுவும் அந்த வீட்ல பத்திரமா இருக்காதுங்கற பயம். அது போகல. போகும்னும் தோணல. அம்மா வேணும்னா இங்க வரட்டும். நீங்க வர வேண்டாம்ப்பா."