ருசி பார்க்காத கறி

கந்தசஷ்டி வந்துவிட்டால் அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் அதிபர் அருளம்பலம் முதல் ஆசிரியர்கள் அத்தனை பேரும் விரதம். பிள்ளைகளுக்குத்தான் வயிறு கேட்காதே. முன்பு லூர்த்தம்மா பள்ளிக்கூடத்து அடுப்பிலேயே சமைத்துப் போட்டாள். இந்தத் தவணை தொடக்கம் சமையலை ஒரு கொம்பனியிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கேயோ அவிந்த சோறு வான் வண்டியில் வந்து இறங்குகிறது. ஓர் ஆசிரியர் அதை வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் போடவேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்ட பெரியவர்களுக்குச் சஷ்டி ஞாபகம் வரவில்லை போலும்.

அன்று உதயகலா ரீச்சரின் முறை. மூடியைத் திறந்து பார்த்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. மரக்கறிதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

"ஓம், போடுங்கோ."

பிள்ளைகள் சாப்பிட்டு முடியவில்லை, ஜெயனி கழுத்தைச் சொறியத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருக்கவே உதடு தடித்தது.

"ரீச்சர், மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. ஆனால் இறால் பட்டாலே ஆகாது. அது வகுப்புக்கே தெரியும். கத்தரிக்காய்க்குள் இறால் எங்கிருந்து வந்தது? உதயகலா பிள்ளையை அள்ளி எடுத்தாள். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

பருத்தித்துறை ஆசுபத்திரி அவ்வளவு தூரமில்லை. அன்றைக்கு அது போகப் போக நீண்டது. மடியில் கிடந்த பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது. எந்த முருகனுக்காக வாயைக் கட்டினாளோ அந்த முருகனைக் கூப்பிடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்ன சாப்பிட்டவ? இறால் ஏதும் கலந்ததோ?" என்று டொக்டர் கேட்டார்.

"தெரியாது" என்று உதயகலா சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினாள்.

செய்தி கேட்டு ஓடிவந்த தாய் மெற்றில்டா, பெட்டியைப் பறித்துக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கூனி இறால். ருசிக்கெண்டு இடிச்சுப் போட்டிருக்கிறாங்கள்."

ஊசி ஏறியது. இரண்டு பெண்களும் கதவடியில் நின்றார்கள். பிள்ளை செத்துவிட்டால் என்ற நினைப்பு உதயகலாவை விடவில்லை. டொக்டர் வெளியே வந்து, இனிப் பயமில்லை என்றார். அதைக் கேட்டதும் உதயகலா அழத் தொடங்கினாள்.

மெற்றில்டா அவளுடைய கையைப் பிடித்தாள். "அழாதேங்கோ ரீச்சர். நீங்கள் ருசி பாத்துத்தானே போட்டிருப்பியள். சைவக்காரிக்குக் கூனி எப்பிடிப் பிடிபடும்?"

தப்பிக்க வழி தானாகத் திறந்தது. ஓம் என்று தலையாட்டினால் போதும். வேலையும் போகாது, பெயரும் கெடாது. ஆனால் உள்ளே படுத்திருக்கிற பிள்ளையை நினைக்க, அப்படித் தலையாட்ட அவளால் முடியவில்லை.

"நான் வாயிலை வைக்கவே இல்லை, அக்கா. விரதமெண்டு பாக்காமல் விட்டிட்டன்."

பிடித்திருந்த கை மெல்லக் கழன்றது. மெற்றில்டா ஏசுவாள், அடிப்பாள் என்று உதயகலா ஒடுங்கி நின்றாள். அவளோ சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மூடினாள். உதயகலாவே சொன்னாள்:

"நாளைக்கு விரதத்தை விட்டெண்டாலும் நான் ருசி பாத்துத்தான் போடுவன்."

"பாத்தும் என்ன, ரீச்சர்?" என்றாள் மெற்றில்டா. "கூனியின்ரை ருசி உங்களுக்குத் தெரியாதே."